மரப் படகுத்துறை மாடல்: முதல் கிட் கட்டுபவர்களுக்கு

பெட்டியைத் திறந்தால் ஒரு கட்டு மெல்லிய குச்சிகள், லேசரில் வெட்டிய இரண்டு மூன்று பலகைத் தாள்கள், ஒரு சின்னப் பையில் கனமான உலோகச் சாமான்கள், ஒரு வரைபடம். படகுத்துறை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் விமானம், கார் கிட் கட்டிப் பழகியவர்கள்கூட இங்கே கொஞ்சம் தயங்குவார்கள். இதில் பாகத்தோடு பாகம் டக்கென்று பொருந்தாது. பாதிக்கு மேல் நீங்களே அளந்து வெட்ட வேண்டும். ஆனால் தச்சு வேலை தெரிந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. உப்புக்காற்றும் வெயிலும் மழையும் மரத்தை என்ன பாடு படுத்தும் என்பதை டவுன் பஸ் ஏறிப் போய் நேரில் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

கட்டுவது பாதி வேலைதான். மீதிப் பாதி, கட்டியதைப் பழசாக்குவது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். கறுப்பு மையைக் கரைத்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அடித்துவிட்டால் மாடல் பழசாகத் தெரியாது, அழுக்காகத்தான் தெரியும். அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஏன் வந்தது என்று சொல்ல முடியாத கறையை மாடலில் வைக்கக் கூடாது.

எந்த அளவு, எந்த ஊர்

பெட்டியில் 1:87, 1:48, 1:160 என்று ஏதாவது ஒன்று போட்டிருக்கும். 1:87 என்றால் நிஜத்தில் ஒரு அடி, மாடலில் 3.5 மில்லிமீட்டர். ஐந்தரை அடி ஆள் 19 மி.மீ. உயரம் நிற்பார். 1:48-இல் ஒரு அடிக்குக் கால் அங்குலம். அதே ஆள் 35 மி.மீ. வருவார். 1:160 முதல் கிட்டுக்கு வேண்டவே வேண்டாம். ஒன்பது அங்குலப் பலகை அதில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. கண்ணாடி போட்டுப் படிப்பவர்களுக்கு 1:48 வசதி. வீட்டில் இடம் குறைவு என்றால் 1:87. ஒன்பது மீட்டர் ஃபைபர் படகு 1:48-இல் 19 செ.மீ. நீளம், 1:87-இல் 10 செ.மீ.தான். அலமாரித் தட்டை அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் கிட் சின்னதாக இருக்கட்டும்: பத்துப் பன்னிரண்டு கால்கள், மேலே ஒரு தளம், ஒரே ஒரு கொட்டகை. பெரிய மீன் பதப்படுத்தும் ஆலை கிட்டுகள் படத்தில் ஆசை காட்டும். அவற்றில் ஒரே வேலையை நூறு முறை செய்ய வேண்டியிருக்கும். பாதியில் பரணுக்குப் போய்விடும்.

இன்னொரு விஷயம் பலரும் யோசிப்பதில்லை. இந்த மாதிரி மரக் கிட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் வடகிழக்குக் கரையைப் பார்த்து வடிவமைத்தவை. மெய்ன் மாநிலத்துச் சிங்க இறால் பிடிப்பவர்களின் கொட்டகைகள், மரச் சீவல் வேய்ந்த கூரைகள் எல்லாம் அந்த ஊர்ச் சரக்கு. அங்கே கடல் ஏற்ற இறக்கம் சுமார் 3 மீட்டர். நம் கரையில் பௌர்ணமி, அமாவாசை நாட்களில்கூட ஒரு மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். 1:87-இல் கணக்குப் போட்டால் அங்கே காலில் 34 மி.மீ. உயரத்துக்கு ஈரக்கறை, இங்கே 11 அல்லது 12 மி.மீ. பெட்டிப் படத்தைப் பார்த்துக் காலில் பாதிக்கு மேல் பாசி ஏற்றிவிட்டு, கீழே ‘உப்பனாறு’ என்று கடலூர் ஆற்றின் பெயரில் பலகை வைத்தால், அங்கே மீனவர் குடியிருக்கும் சிங்காரத்தோப்புப் பிள்ளைகள் சிரிக்கும்.

ஆகவே குச்சியைத் தொடும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்: இது மெய்ன் கரையில் நிற்கிறதா, கடலூர் முதுநகரில் நிற்கிறதா? இரண்டும் சரிதான். கலப்பதுதான் தப்பு. நான் சொல்வது, வடிவத்தைக் கிட்டில் உள்ளபடியே வைத்துக்கொண்டு கூரையையும் நீர்மட்டத்தையும் சாமான்களையும் மட்டும் நம் ஊருக்கு மாற்றுங்கள். முதல் முயற்சிக்கு அந்த மாற்றம் போதும்.

போய்ப் பார்க்க வேண்டியவை

மரக்காலில் நிற்கும் படகுத்துறையை இப்போது இந்தப் பக்கம் தேடினால் கிடைப்பது கஷ்டம். முதுநகரிலும் புதுச்சேரி தேங்காய்த்திட்டிலும் மீன்பிடித் துறைமுகம் கான்கிரீட்டுக்கு மாறியாகிவிட்டது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1860-களில் போட்டது இரும்புக்கால் பாலம். அது 1952 புயலில் போனது. பிறகு கட்டிய கான்கிரீட் பாலத்திலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. இரும்போ கான்கிரீட்டோ மரமோ, கடலில் நிற்கும் கால் அதிகம் அடி வாங்குவது ஒரே இடத்தில்தான்: தண்ணீர் ஏறி இறங்கித் தெறிக்கும் அந்தப் பட்டையில். முழுக்க மூழ்கிய பகுதிக்கு அவ்வளவு சேதமில்லை, முழுக்க உலர்ந்த பகுதிக்கும் இல்லை.

பழைய மரத்தைப் பார்க்கக் கரையேற்றி வைத்த மரப்படகுகள், முதுநகரின் பழைய கிட்டங்கிக் கதவுகள், புதுச்சேரி தமிழ்ப் பகுதி வீடுகளின் திண்ணைத் தூண்கள், தோட்டத்து வேலியில் நட்ட சவுக்குக் கம்புகள் எல்லாம் உதவும். போனில் படம் எடுக்கும்போது முழுப் படகையும் எடுத்துப் பயனில்லை. ஒரு ஆணித்தலை, அதற்குக் கீழே இறங்கும் துருக்கோடு, பலகை முனையில் விட்ட வெடிப்பு என்று ஒரு அடி தூரத்திலிருந்து எடுங்கள். வலை பின்னிக்கொண்டிருக்கும் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுப்பது மரியாதை. எந்தப் பலகை எத்தனை வருஷத்துப் பலகை என்று அவரே சொல்லிவிடுவார்.

அப்படிப் பார்க்கும்போது மரம் எங்கெல்லாம் சாம்பல் நிறமாகிறது என்று கவனியுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர், மர நாரை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. சிதைந்ததை மழை கழுவிவிடுகிறது. மிச்சம் இருப்பது வெளுத்த நார், அதுதான் அந்தச் சாம்பல். வெயிலும் மழையும் இரண்டும் சேர்ந்து படுகிற இடம்தான் நரைக்கும். தாழ்வாரத்துக்கு உள்ளே இருக்கும் மரம் வருஷக்கணக்கில் பழுப்பாகவே இருக்கும். எப்போதும் ஈரமாக இருக்கும் மரம் கறுக்கும். நரைத்த இடம், பழுத்த இடம், கறுத்த இடம் என்று இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மாடலுக்கு வண்ணம் அடிப்பது பாதி முடிந்த மாதிரி.

மேசை மேல்

புது பிளேடு போட்ட கட்டர், இரும்பு அளவுகோல், சின்ன மூலைமட்டம், 220-ம் 400-ம் நம்பர் உப்புத்தாள், பித்தளைக் கம்பி பிரஷ், துணி கிளிப்புகள், குண்டூசி, ஒரு துண்டு தெர்மோகோல். பிளேடில் கஞ்சத்தனம் வேண்டாம். மொக்கை பிளேடு மரத்தை வெட்டாது, நசுக்கும்.

மரத்துக்கு மரம் ஒட்ட ஃபெவிக்கால் போதும். ஃபெவிக்விக் உலோகச் சாமானுக்கு மட்டும். அது மரத்தில் சொட்டினால் அந்த இடம் எந்தச் சாயத்தையும் வாங்காது. குச்சி குறைந்தால் பிளைவுட் கடையில் கழிவாகப் போகும் வெனீர்ப் பட்டைகளைக் கேட்டு வாங்கி நறுக்கிக்கொள்ளலாம்.

சாயத்துக்கு ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் கறுப்பு வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்கும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வேண்டும். 100 மி.லி. ஆல்கஹாலில் 1 மி.லி. இங்க் கலந்தால் இளஞ்சாயம், 2 மி.லி. கலந்தால் கொஞ்சம் அழுத்தம். இரண்டு பாட்டிலாகக் கலந்து, பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மூன்றாவது பாட்டிலில் இளஞ்சாயத்தோடு சில சொட்டுப் பழுப்பு லெதர் டை சேர்த்துக்கொண்டால் தாழ்வாரத்துக்குள் இருக்கும் மரத்துக்கு ஆகும். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு. வேலை செய்யும் அறையில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கொசுவத்தி, ஊதுவத்தி எதுவும் எரியக் கூடாது.

டீ டிகாஷனில் முக்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தண்ணீர் என்பதால் குச்சி வளையும், ஐப்பசி மழையில் பூஞ்சையும் பிடிக்கும்.

சாயம் முதலில், பசை பிறகு

இந்த வரிசையை மாற்றாதீர்கள். பசை மர நாருக்குள் இறங்கிவிட்டால் அங்கே சாயம் ஏறாது. ஒட்டி முடித்துவிட்டுச் சாயம் அடித்தால் ஒவ்வொரு மூட்டிலும் வெள்ளைத் திட்டு நிற்கும், அதை மறைக்க வழியே இல்லை. அதனால் பெட்டியில் உள்ள குச்சிகள், பலகைகள் எல்லாவற்றுக்கும் வெட்டுவதற்கு முன்பே சாயம் ஏற்றிவிடுங்கள்.

முதலில் ரேகை. கம்பி பிரஷ்ஷைக் குச்சியின் நீளவாக்கில் இரண்டு மூன்று இழுப்பு இழுங்கள், ஒரே திசையில். மெல்லிய கோடுகள் விழும். எழும்பி நிற்கும் பிசிறை 400 நம்பர் தாளால் தட்டிவிடுங்கள். எல்லாக் குச்சிக்கும் ஒரே அழுத்தம் கொடுக்க வேண்டாம். தளத்துப் பலகைக்கு அழுத்தமாக, கொட்டகைக்கு உள்ளே போகும் சட்டத்துக்கு வெறுமனே ஒரு தடவல். லேசர் வெட்டின் ஓரங்கள் கருகி இருக்கும். அந்தக் கருக்கையும் இப்போதே தேய்த்து எடுத்துவிடுங்கள்.

பிறகு ஒரு தட்டில் சாயத்தை ஊற்றி, குச்சிகளைப் பிடிபிடியாக முக்குங்கள். ஒரு பிடி உடனே வெளியே, ஒரு பிடி சற்று ஊறி, சில குச்சிகள் இரண்டு சாயத்திலும் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஈரத்தில் கறுப்பாகத் தெரிவது காய்ந்ததும் வெகுவாக வெளுக்கும். அவசரப்பட்டு மறுபடி முக்க வேண்டாம். பலகைத் தாள்களுக்கு இரண்டு பக்கமும் சாயம் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் சுருண்டுகொள்ளும். கொஞ்சம் காய்ந்ததும் பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து மேலே கனமான புத்தகம்.

கடலூர், புதுச்சேரிக்காரர்கள் பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றில் ஈரம் அதிகம், குச்சி லேசாக உப்பி இருக்கும். அப்போது நெருக்கமாகப் பலகை பாவினால் மாசி, பங்குனியில் ஒவ்வொரு பலகைக்கும் இடையே இடைவெளி விடும். தளத்தில் இடைவெளி இருந்தால் அழகுதான், கொட்டகைச் சுவரில்தான் அசிங்கம். சுவர் வேலையை மழை விட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கால்கள்

கிட்டில் வரும் உருளைக் கட்டைகள் அச்சில் வார்த்த மாதிரி ஒரே பருமனில் இருக்கும். நிஜக் காலாக நிற்பது மரத்தின் தண்டு; அடி பருத்து நுனி சிறுத்திருக்கும், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. கட்டைகளைக் கட்டர் பிளேடால் நீளவாக்கில் சீவி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கோணலாக்குங்கள்.

சின்னக் கம்புகள் வேண்டிய இடத்தில், அதாவது படகு கட்டும் முளை, கைப்பிடி, பந்தல்கால் இவற்றுக்கு, விளக்குமாற்று ஈர்க்கு அருமையான பொருள். ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் பருமன். 1:87-இல் அது மூன்றரை முதல் ஏழு அங்குலச் சவுக்குக் கம்புக்குச் சமம். இயற்கையாகவே நுனி சிறுத்துவரும். மேல்தோல் வழவழப்பாக இருப்பதால் சாயம் பிடிக்காது. பிளேடால் சுரண்டிவிட்டு முக்குங்கள்.

கால்களை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டு போகக் கூடாது. வரைபடத்தில் ஒரு வரிசைக் கால்களும் அவற்றின் மேல் படுக்கும் உத்திரமும் சேர்ந்த சட்டகத்தின் படம் இருக்கும். அதைத் தெர்மோகோல் மேல் விரித்து, பசை ஒட்டாமலிருக்க மேலே ஒரு பாலித்தீன் தாள் போடுங்கள். படத்தின் மேலேயே கால்களை வைத்து, இரு பக்கமும் குண்டூசி குத்தி நிறுத்தி, உத்திரத்தை ஒட்டி, குறுக்குக் கட்டையைச் சாய்வாகப் போடுங்கள். இப்படி ஒரே படத்தின் மேல் எல்லாச் சட்டகங்களையும் செய்தால் உயரம் பிசகாது. கால் கோணலாக இருக்கலாம், உத்திரத்தின் மேல்மட்டம் கோணலாக இருக்கக் கூடாது. காய்ந்ததும் சட்டகங்களை வரிசையாக நிறுத்தி நீளச் சட்டங்களால் இணையுங்கள். ஒவ்வொரு சட்டகத்துக்கும் மூலைமட்டம் வைத்துப் பார்ப்பது அலுப்பான வேலைதான், ஆனாலும் பாருங்கள்.

தளம்

பலகைகளைச் சற்று நீளமாகவே வெட்டி ஒட்டிவிட்டு, ஓரத்தைக் கடைசியில் ஒழுங்குபடுத்தலாம். முழுக்க ஒழுங்குபடுத்திவிடாதீர்கள். ஒன்றிரண்டு பலகை அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கட்டும். பலகைகளை எடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது நல்லது. பார்த்து எடுத்தால் கை தானாகவே வெளுப்பு, கறுப்பு, வெளுப்பு, கறுப்பு என்று அடுக்கிவிடும்.

நான்கைந்து பலகையைப் பிறகு மாற்றியதாகக் காட்டுங்கள். ஒன்று இளம் பழுப்பில், ரேகை இல்லாமல், கிட்டத்தட்டப் புதிதாக. எங்கே வைப்பது? ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் இழுபடும் பாதையில். அங்கேதான் பலகை உடையும். ஆள் நடமாட்டமே இல்லாத மூலையில் புதுப் பலகை இருந்தால் அதற்குக் காரணம் சொல்ல முடியாது.

ஆணித் துளையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சட்டத்தின் மேல் விழும் இடத்தில், பலகை ஒன்றுக்கு இரண்டாக, ஊசி முனையால் மெல்லக் குத்துவது வழக்கம். நிஜ ஆணித்தலை 1:87-இல் கண்ணுக்கே தெரியாது என்பதை மறந்து ஆழமாகக் குத்தினால் தளம் முழுக்கத் தையல் போட்ட துணி மாதிரி ஆகிவிடும். 1:48-இல் எல்லாப் பலகைக்கும் குத்தலாம். 1:87-இல் அங்கங்கே போதும்.

கொட்டகை

நான்கு சுவரையும் தட்டையாக வைத்து உள்பக்கம் மூன்று மி.மீ. சட்டம் ஒட்டிவிட்ட பிறகே சுவருக்கு வண்ணம். சட்டம் இல்லாத சுவர் நம் ஊர் ஈரத்தில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. மூலைகளை ஒட்டும்போது உள்ளே மூலைமட்டம், வெளியே துணி கிளிப். ஜன்னல் கண்ணாடியை எல்லா வண்ணமும் முடிந்த பிறகு ஒட்டுங்கள்.

உரிந்த பெயின்ட் எல்லோருக்கும் ஆசை. சாயம் ஏற்றிய சுவரில் மெழுகுவத்தியின் முனையை அங்கங்கே தேயுங்கள். மேலே அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிசாக அடியுங்கள். நம் கரைக்கு நீலமோ பச்சையோ பொருந்தும். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் செலோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். மெழுகு இருந்த இடத்தில் வண்ணம் உரிந்து சாம்பல் மரம் தெரியும். மெழுகை எங்கே தேய்ப்பது என்பதில்தான் இருக்கிறது விஷயம். பெயின்ட் முதலில் உரிவது தரையை ஒட்டிய அடிப் பலகையில், ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில், பலகைகளின் முனையில். இவையெல்லாம் தண்ணீர் தங்கும் இடங்கள். தாழ்வாரத்தை ஒட்டிய மேல் பலகையில் பெயின்ட் கிட்டத்தட்ட முழுசாக இருக்க வேண்டும்.

கூரைக்குக் கிட்டில் மரச் சீவல் இருந்தால் அதை எடுத்து வைத்துவிட்டுத் தகரம் போடலாம். சற்றுக் கனமான அலுமினியத் தாளை எட்டடித் தகரத்தின் அளவுக்கு, 1:87 என்றால் 28 மி.மீ. நீளத்துக்கு, நறுக்கி, நுண்ணிய பல் உள்ள சீப்பின் மேல் வைத்துப் பென்சில் முனையால் அழுத்தித் தேய்த்தால் நெளிவு விழும். கீழ்வரிசையிலிருந்து ஆரம்பித்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி ஒட்டிக்கொண்டு முகட்டுக்குப் போங்கள்.

எல்லாத் தகரத்துக்கும் ஒரே வயது கொடுக்க வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், புயலில் எல்லாத் தகரமும் பறப்பதில்லை. பறந்த இடத்தில் மட்டும் புதுசு வரும். கடற்கரைப் பக்கத்துக் கூரை எப்போதும் இப்படிக் கலவைதான். முக்கால்வாசி துருப்பிடித்தது, நடுவே இரண்டு பளபளப்பு மங்கிய வெள்ளைத் தகரம், மேலே காற்றுக்குப் பயந்து வைத்த நாலு கல்லு, ஒரு பழைய டயர்.

கறையின் கணக்கு

இனி நிதானம் வேண்டும். மாடலைத் தட்டில் வைத்து, எது கிழக்கு என்று அட்டையில் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். நம் கரையில் கடல் கிழக்கே. உப்புக்காற்று அந்தப் பக்கம் இருந்து வருகிறது. ஆணியும் கீலும் அங்கேதான் அதிகம் துருப்பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிப்பதும் வடக்கு, கிழக்குச் சுவர்களில். வடக்குச் சுவரில் வெயிலும் குறைவு என்பதால் அடிப்பாகத்தில் பச்சை படியும். தெற்கும் மேற்கும் வெயில் வாங்கும் சுவர்கள். அங்கே பெயின்ட் வெளுத்துப் பொடியாகும், பச்சைக்கு வேலை இல்லை. நான்கு சுவரும் நான்கு விதமாக இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கால்களுக்கு வருவோம். உயர்நீர் மட்டத்தை எல்லாக் காலிலும் ஒரே உயரத்தில் பென்சிலால் குறியுங்கள். மாடலிலேயே துல்லியமாக நேராக இருக்க வேண்டிய ஒரே கோடு அதுதான், தண்ணீருக்குக் கோணல் தெரியாது. கோட்டுக்கு மேலே நரைத்த மரம். கோட்டை ஒட்டி ஒரு கறுத்த ஈரப்பட்டை, அழுத்தச் சாயத்தை இரண்டு மூன்று முறை ஏற்றி வர வேண்டும். அதற்குக் கீழே கொட்டலசுப் படலம், அதாவது கடல்நீரில் நிற்கும் கட்டையில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரிகள். இன்னும் கீழே, தண்ணீரைத் தொடும் இடத்தில், கரும்பச்சைப் பாசி.

கொட்டலசுக்கு ரவை தூவலாம் என்பார்கள். எறும்பு வரும். கடற்கரை மணலை நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மெல்லிய துணியில் சலித்து வரும் பொடியே போதும். தண்ணீர் கலந்த ஃபெவிக்காலைத் திட்டுத் திட்டாகத் தொட்டுவைத்து, மணலைத் தூவி, காய்ந்ததும் அழுக்கு வெள்ளையைக் கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் மேலாகத் தடவுங்கள். படகு உரசும் பக்கம் கொட்டலசு நிற்காது. அந்தப் பக்கத்தை வழவழப்பாகவே விட்டுவிட்டு, கயிறு கட்டும் உயரத்தில் உப்புத்தாளால் ஒரு மெல்லிய வளையம் தேய்த்து வைத்தால், அந்த ஒரு கால் பார்ப்பவரை நிறுத்தும்.

மரத்தைத் துளைக்கும் கடல் உயிரிகள் கால்களை அலைமட்டத்தில் அரித்துச் சிறுக்கவைப்பதும் உண்டு. ஒன்றிரண்டு காலில் மட்டும் அந்த இடத்தை நடுவே சற்றுச் சீவிவிட்டால் பழமை வந்துவிடும். காலின் தலைப்பகுதி வெட்டுவாய் என்பதால் மழைநீரை உறிஞ்சும். அங்கே கறுப்பும் ஒரு வெடிப்பும், தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும் காலானால் காக்கை எச்சத்தின் வெள்ளையும் வரும்.

துருவுக்கு ஓவியக் கடையில் கிடைக்கும் சாக் பேஸ்டல் குச்சிகள். உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கிக்கொள்ளுங்கள். முதலில் கரும்பழுப்பு, அதன் நடுவில் மட்டும் கொஞ்சம் செம்மஞ்சள். பெட்டியிலிருந்து ஆரஞ்சை எடுத்து நேரே அப்பினால் குங்குமம் கொட்டிய மாதிரிதான் இருக்கும். ஒழுகிய துரு நேர் கீழே இறங்கும், போகப் போக மெலியும், அடுத்த பலகையின் விளிம்பில் கொஞ்சம் தேங்கும். ஆணி இல்லாத இடத்தில் துருக்கோடு வரக் கூடாது.

தளத்தில் ஆள் நடக்கும் பாதை தேய்ந்து பழுப்பாக இருக்கும், சாம்பல் ஓரத்தில்தான் மிஞ்சும். டீசல் கேன் வைக்கும் இடத்தில் வட்டமான கறுப்பு. மீன் கழுவும் இடத்தில் எப்போதும் ஈரம், அதற்குக் கடைசியில் கொஞ்சம் பளபளப்பு வார்னிஷ். கதவின் கீழ் மூலை தரையில் உரசிய வில்வளைவுக் கீறல். இவை எல்லாவற்றையும் ஒரே மாடலில் திணிக்க வேண்டாம், உங்கள் துறையில் என்ன நடக்கிறதோ அதற்கேற்றதை மட்டும்.

பொடி நிற்பதற்குப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்பிரே, தூரத்திலிருந்து மெல்லிசாக. பொடியின் நிறம் பாதி மங்கிவிடும், அதனால் முதலில் சற்றுத் தூக்கலாகவே போட்டுக்கொள்ளலாம். வார்னிஷ் அடித்த பிறகு ஆல்கஹால் சாயத்தைத் தொடாதீர்கள். வெள்ளை பூத்துவிடும். மழை நாளில் ஸ்பிரே அடித்தாலும் அதே கதிதான்.

தண்ணீர்

உப்பனாறு நீலம் இல்லை. அடித்தளத்துக்குக் கரும்பச்சையும் மண்பழுப்பும் கலந்து, கரையோரம் வெளிறிய மண் நிறத்துக்குக் கொண்டுவந்து வண்ணம் அடியுங்கள். அதன் மேல் அக்ரிலிக் கிளாஸ் வார்னிஷ் அல்லது கிளாஸ் ஜெல்லை, ஒன்று காய்ந்த பிறகு ஒன்றாக, ஐந்தாறு பூச்சுப் பூசினால் புதியவர்களுக்கு அதுவே போதுமானது. கடைசிப் பூச்சை ஈரமாக இருக்கும்போது தூரிகையால் தட்டித் தட்டி விட்டால் சிற்றலை வரும்.

எபாக்ஸி ரெசினில்தான் ஊற்றுவேன் என்றால் மூன்று மி.மீ.க்கு மேல் ஒரே தடவையில் ஊற்றாதீர்கள், சூடேறும். கையுறை அவசியம். ரெசின் கால்களில் தானாக மேலே ஏறிப் பளபளக்கும்; காய்ந்ததும் அந்த இடத்தில் மேட் வார்னிஷ் தொட்டு அடக்க வேண்டும். கார்த்திகை மழையில் ஊற்றினால் மேற்பரப்பு பால்போல் மங்கும். கோடைதான் அதற்குக் காலம்.

சாமான்கள்

வலைக்கு மெடிக்கல் கடைக் கட்டுத்துணி. வலைப்பின்னல் தெரியும்படி இழுத்து, நீலமோ பச்சையோ சாயம் ஏற்றி, நீர்த்த பசையில் நனைத்துக் குவியலாகப் போடுங்கள். கயிற்றுக்குப் பருத்தி நூல், பிசிறு அடங்க மெழுகில் ஒரு இழுப்பு. மிதவை, நீலப் பிளாஸ்டிக் பெட்டிகள், ஒரு குடை, காயும் கருவாடு. கிட்டோடு வரும் சிங்க இறால் கூண்டுகளை எடுத்து வையுங்கள், அது மெய்ன் சரக்கு. கடற்புறாவை விட நமக்குக் காக்கையும் கொக்கும் பொருத்தம். ஆட்களை நிறுத்துவதாக இருந்தால் ஏதாவது வேலை செய்யும் நிலையில் நிறுத்துங்கள், சும்மா நிற்கும் பொம்மை மாடலைக் கெடுக்கும்.

முடித்த மாடலைக் கடற்காற்று நேரே வரும் ஜன்னலோரம் வைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் ஈய, தகர உலோகச் சாமான்களில் நிஜமாகவே பூஞ்சணம்போல் அரிப்பு பிடிக்கும். கண்ணாடியோ அக்ரிலிக்கோ மூடி போட்டு, உள்ளே ஒரு மூலையில் சிலிகா ஜெல் பொட்டலம் வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை மாற்றலாம். பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதன் ஆவி பாலிஸ்டிரீன் பிளாஸ்டிக்கை இளக்கும். ஜன்னல் சட்டமும் ஆட்களும் பெரும்பாலும் அந்தப் பிளாஸ்டிக்கில்தான் வருகின்றன.